இரு தோணியில் கால் வைத்தவர்

ஒலிம்பிக் பந்தயத்தில் ஜெயித்த வீரன் மேடை ஏறியதும் அவன் நாட்டுக் கொடி கம்பத்தில் ஏறும். அவன் நாட்டுக் கீதம் முழங்கும். வீரனின் கண்ணில் நீர் துளிர்க்கும். ஆயிரம் மைலுக்கு அப்பால் அந்தக் காட்சியைப் பார்க்கும் அவன் நாட்டு மக்களின் கண்களும் நனையும். பதக்கத்தில் உள்ள தங்கத்தைவிட அந்தக் கொடிக்குத்தான் மதிப்பு அதிகம்.

ஆனால், சொந்தக் கொடி ஏறாத சமயங்களும் உண்டு. அப்பொழுது வெள்ளைத் துணியில் ஐந்து வளையங்கள் பொறித்த ஒலிம்பிக் கொடியே கம்பத்தில் ஏறும். ஒரு முறை அது கோபத்தைக் காட்டுவதற்காக ஏறிற்று. ஒரு முறை அநாதைகளுக்கு நிழல் தருவதற்காக ஏறிற்று. இன்னொரு முறை தண்டனையாக ஏறிற்று.

இந்த மூன்றும் ருஷ்யாவைச் சுற்றியே நடந்தவை. மூன்றிலும் சம்பந்தப்பட்ட மனிதர் ஒருவர் உண்டு. அவர் பெயர் விட்டாலி ஸ்மிர்னோவ்.

ஓடியோ, தாண்டியோ, மல்லுக்கட்டியோ பெயர் வாங்கியவர் அல்ல அவர். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பெயர் வாங்கியவர். 1971 முதல் 2015 முடிய 44 ஆண்டுகள் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியில் உறுப்பினராக இருந்தார். அந்தக் காலத்தில் கமிட்டிக்கு ஐந்து தலைவர்கள் வந்தார்கள். மாஸ்கோவிலோ, ஆட்சிகள் மாறியது மட்டுமல்ல, நாடே மாறிவிட்டது. ஸ்மிர்னோவ் மட்டும் தம் நாற்காலியில் இருந்தார்.

எப்படி இருக்க முடிந்தது? அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது? அதுதான் இந்த வரலாறு.

ஆமூர் நதிக்கரைப் பிள்ளை

1935-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந் தேதி ஸ்மிர்னோவ் பிறந்தார். ஊர் கபரோவ்ஸ்க். ருஷ்யாவின் கிழக்குக் கோடியில், சீன எல்லைக்கு அருகே, ஆமூர் நதிக்கரையில் உள்ள பட்டணம் அது. மாஸ்கோவில் ரயில் ஏறினால் அங்கே போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும்.

இளமையில் அவர் ஆடிய ஆட்டம் வாட்டர் போலோ. நீந்திக்கொண்டே பந்தைப் பிடிக்க வேண்டும். நீந்திக்கொண்டே கோல் போட வேண்டும். தண்ணீருக்கு மேலே முகம் அமைதியாக இருக்கும். அடியிலோ கால்கள் ஓயாமல் உதைத்துக்கொண்டிருக்கும். பிற்காலத்தில் அவருக்கு வாய்த்த உத்தியோகத்துக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி வேறொன்று இருக்க முடியாது!

அவருக்கு வயது 17 ஆனபோது, 1952-ம் ஆண்டில், சோவியத் யூனியன் முதன்முதலாக ஒலிம்பிக் பந்தயத்தில் கலந்துகொண்டது. அதுவரை ஒலிம்பிக் என்பது முதலாளி நாடுகளின் பொழுதுபோக்கு என்றே சோவியத் தலைவர்கள் ஒதுக்கிவைத்திருந்தார்கள். யுத்தம் முடிந்த பிறகு எண்ணம் மாறியது. உலகத்துக்குத் தங்கள் ஆட்சியின் வலிமையைக் காட்ட விளையாட்டு மைதானமே சிறந்த இடம் என்று கண்டுகொண்டார்கள். 1951-ல் சர்வதேச கமிட்டி அங்கீகாரம் அளித்தது. மறு ஆண்டு ஹெல்சிங்கியில் சோவியத் வீரர்கள் 22 தங்கப் பதக்கங்களை அள்ளினார்கள்.

அன்று முதல் சோவியத் நாட்டில் விளையாட்டு என்பது சர்க்கார் காரியம். சிறந்த வீரர்கள் பட்டாளத்திலோ போலீஸ் இலாகாவிலோ கல்லூரியிலோ பெயர் பதிந்திருப்பார்கள். உண்மையில் அவர்களுக்குப் பயிற்சிதான் வேலை. இத்தனை பெரிய யந்திரத்தை ஓட்ட நிர்வாகிகள் தேவைப்பட்டார்கள். அவர்களைத் தயாரிக்கும் இடங்களுள் ஒன்று மாஸ்கோவில் இருந்த தேகப்பயிற்சிக் கல்லூரி. ஸ்மிர்னோவ் 1958-ல் அங்கே பட்டம் பெற்று வெளிவந்தார்.

கல்லூரிப் பட்டம் மட்டும் போதாது. கம்யூனிஸ்டு இளைஞர் சங்கமான கோம்சொமோலில் உழைத்தவர்களுக்கே மேலே போகும் ஏணி கிடைத்தது. மாஸ்கோ வட்டாரத்தில் ஸ்மிர்னோவ் அந்த ஏணியில் படிப்படியாக ஏறினார். கோம்சொமோலின் முன்னாள் தலைவரான செர்கேய் பாவ்லோவே 1968-ல் சோவியத் விளையாட்டுக் கமிட்டிக்குத் தலைவராக வந்தார். 1970-ல் ஸ்மிர்னோவ் அதன் உபதலைவர்களுள் ஒருவர் ஆனார். அப்பொழுது வயது 35.

யாருக்கு ஊழியம்?

மறு ஆண்டே அவரைச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. இங்கேதான் சிக்கல் தொடங்கியது.

அந்தக் கமிட்டியின் விதி விசித்திரமானது. ஐக்கிய நாடுகள் சபைக்கு ஒவ்வொரு நாடும் தன் தூதரை அனுப்புகிறது. ஒலிம்பிக் கமிட்டியிலோ நேர்மாறு. உறுப்பினரைக் கமிட்டியே தேர்ந்தெடுக்கும். அவர் கமிட்டியில் தம் நாட்டின் பிரதிநிதி அல்ல. தம் நாட்டில் கமிட்டியின் பிரதிநிதி! எந்தச் சர்க்காரின் கட்டளைக்கும் அவர் தலை வணங்கக் கூடாது.

பிரபுக்களும் பெரும் பணக்காரர்களும் நிறைந்த அந்தச் சபைக்கு இந்த விதி பொருந்தும். சம்பளமும் பதவியும் கட்சியின் கையில் உள்ள ஒரு சோவியத் அதிகாரிக்கு எப்படிப் பொருந்தும்? 1951-ல் முதல் சோவியத் உறுப்பினராக வந்த கான்ஸ்டான்டின் ஆண்ட்ரியானோவுக்குக் கமிட்டியின் மொழிகளான பிரெஞ்சும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. இருந்தாலும் சேர்த்துக்கொண்டார்கள். சோவியத் யூனியனை வெளியே நிறுத்திவிட்டு உலகப் பந்தயம் என்று சொல்லிக்கொள்ள முடியுமா? விதி காகிதத்தில் இருந்தது. நடைமுறை வேறு வழியில் நடந்தது.

'இரு தோணியில் கால் வைக்காதே' என்பார்கள் பெரியவர்கள். ஸ்மிர்னோவின் உத்தியோகமே இரு தோணியில் கால் வைப்பதுதான். ஒரு கால் மாஸ்கோவில். மற்றொரு கால் சர்வதேச கமிட்டியின் தலைமையகமான ஸ்விட்சர்லாந்தின் லோஸான் நகரில். தண்ணீர் அமைதியாக உள்ளவரை ஆபத்து இல்லை.

மாஸ்கோவுக்கு வந்த பந்தயம்

1976-ம் ஆண்டுப் பந்தயங்களைத் தன் நகரில் நடத்த மாஸ்கோ விண்ணப்பித்திருந்தது. 1970-ல் ஆம்ஸ்டர்டாமில் வாக்கெடுப்பு நடந்தது. முதல் சுற்றில் மாஸ்கோவுக்கு 28 வாக்குகள், முதல் இடம். இரண்டாவது சுற்றில் லாஸ் ஏஞ்சலிஸுக்கு விழுந்திருந்த வாக்குகள் கனடாவின் மான்ட்ரியால் பக்கம் போய்விட்டன. மாஸ்கோ அதே 28-ல் நின்றுவிட்டது. ஒரு வாக்குக்கூடக் கூடவில்லை!

இந்தத் தோல்வி ஒரு பாடம் கற்பித்தது. வாக்குகளைப் பெறுவதற்குப் பலம் போதாது, நண்பர்கள் வேண்டும். கமிட்டிக்குள் உட்கார்ந்து, கைகுலுக்கி, விருந்துண்டு, நம்பிக்கை சம்பாதிக்கக்கூடிய மனிதர்கள் வேண்டும். மறு ஆண்டு கமிட்டிக்குள் நுழைந்த இளைஞர் ஸ்மிர்னோவுக்கு அந்தக் கலை கைவந்தது. 1974 அக்டோபரில் வியன்னாவில் 1980-ம் ஆண்டுப் பந்தயங்களுக்கு வாக்கெடுப்பு நடந்தபோது மாஸ்கோவுக்கு 39, லாஸ் ஏஞ்சலிஸுக்கு 20. வெற்றி!

பந்தய ஏற்பாட்டுக் கமிட்டிக்கு மந்திரி சபையின் உபதலைவர் இக்னாட்டி நோவிகோவ் தலைவர். அவருக்கு அடுத்த இடம் ஸ்மிர்னோவுக்கு. 1975 முதல் ஐந்து ஆண்டுகள் இதுவே அவருக்கு முழுநேர வேலை. லூஷ்னிகி மைதானம் புதுப்பிக்கப்பட்டது. வீரர்கள் தங்குவதற்கு 16 மாடிக் கட்டிடங்கள் வரிசையாக எழும்பின. விமான நிலையத்தில் புதிய நிலையக் கட்டிடம் திறக்கப்பட்டது. மிஷா என்ற கரடிக்குட்டிப் பொம்மை பந்தயத்தின் சின்னமாகி வீடுதோறும் நுழைந்தது. அமெரிக்காவின் என்.பி.ஸி. நிறுவனம் டெலிவிஷன் உரிமைக்கு 8 கோடியே 70 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. 1978-ல் ஸ்மிர்னோவ் சர்வதேச கமிட்டியின் உபதலைவர்களுள் ஒருவராகவும் ஆனார்.

இரண்டு தோணிகளும் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தன.

வராத விருந்தாளிகள்

1979 டிசம்பர் கடைசியில் சோவியத் பட்டாளம் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்தது. ஒரு மாதத்துக்குள் வெளியேறாவிட்டால் அமெரிக்க வீரர்கள் மாஸ்கோவுக்கு வர மாட்டார்கள் என்று ஜனாதிபதி கார்ட்டர் ஜனவரியில் அறிவித்தார். பட்டாளம் வெளியேறவில்லை. அமெரிக்கா, மேற்கு ஜெர்மனி, ஜப்பான், கனடா, கென்யா, சீனா என்று வராதவர்களின் பட்டியல் நீண்டது. கடைசியில் வந்து சேர்ந்தவை 80 நாடுகள்.

கல்யாணத்துக்குப் பந்தல் போட்டு, இலை போட்டு வைத்திருக்கும்போது பாதி உறவினர் வரமாட்டோம் என்றால் பெண் வீட்டார் என்ன பாடுபடுவார்கள்? ஸ்மிர்னோவின் நிலை அதைவிட மோசம். பந்தலைக் கட்டியவர் அவர். உறவினரைச் சமாதானப்படுத்த வேண்டியவரும் அவரே. ஆனால் சண்டைக்குக் காரணமான பட்டாளத்தைப் பற்றி அவரால் வாய் திறக்க முடியாது.

வந்தவர்களிலும் பலர் கோபத்தோடுதான் வந்தார்கள். 1980 ஜூலை 19-ந் தேதி தொடக்க விழா அணிவகுப்பில் பிரிட்டனின் முறை வந்தபோது, வீரர்கள் யாரும் வரவில்லை. ஓர் அதிகாரி மட்டும் தன்னந்தனியாக ஐந்து வளையக் கொடியைப் பிடித்துக்கொண்டு நடந்து போனார். பிரிட்டனின் செபாஸ்டியன் கோ 1,500 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றபோது ஏறியது பிரிட்டிஷ் கொடி அல்ல, ஒலிம்பிக் கொடி. 200 மீட்டரில் வென்ற இத்தாலியின் மென்னேயாவுக்கும் அதே கொடிதான். வெள்ளைக் கொடி முதல் முறையாக ஏறிற்று. கோபத்தின் அடையாளமாக ஏறிற்று.

இந்தியா சென்றது. ஹாக்கியில் பெரிய குழுக்கள் வராததால் ஆறு குழுக்களே மோதின. இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை 4-3 என்ற கணக்கில் வென்று இந்தியா தங்கம் பெற்றது. அந்தக் குழுவின் காப்டன் தமிழ்நாட்டின் வாசுதேவன் பாஸ்கரன். ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியாவுக்கு அது எட்டாவது தங்கம். அதன் பிறகு 2024-ம் ஆண்டு பாரிஸ் பந்தயம் வரையில் ஒன்பதாவது தங்கம் வரவில்லை.

சோவியத் வீரர்கள் 80 தங்கங்களோடு 195 பதக்கங்கள் குவித்தார்கள். போட்டிக்கு ஆள் குறைவு என்பதை மறந்துவிட்டால் அது பிரமாதமான வெற்றிதான். இன்னொரு விசேஷமும் உண்டு. ஊக்க மருந்து சாப்பிட்டதாக அந்தப் பந்தயத்தில் ஒருவர்கூடப் பிடிபடவில்லை. அத்தனை பேரும் உத்தமர்களா, அல்லது சோதனையில் ஓட்டையா என்ற கேள்வி அப்பொழுதே எழுந்தது. பல ஆண்டுகள் கழித்து அதே கேள்வி வேறு உருவத்தில் ஸ்மிர்னோவின் வாசலுக்கே வந்து சேர்ந்தது.

ஆகஸ்டு 3-ந் தேதி முடிவு விழா. அடுத்த பந்தயம் நடக்கவேண்டிய நாட்டின் கொடி ஏற வேண்டிய இடத்தில், அமெரிக்கா தன் கொடியைத் தர மறுத்ததால், லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கொடி ஏறிற்று. பார்வையாளர் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் வண்ண அட்டைகளைப் பிடித்து உருவாக்கிய மிஷாவின் முகத்தில் ஒரு கண்ணீர்த் துளி உருண்டது. பிறகு பலூன்கள் கட்டிய பெரிய மிஷா பொம்மை மைதானத்திலிருந்து எழும்பி மாஸ்கோவின் இரவு வானத்தில் மறைந்தது. கூட்டம் அழுதது.

கணக்குத் தீர்த்த கதை

அந்தப் பந்தயம் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, அதே மாஸ்கோவில், சர்வதேச கமிட்டி புதிய தலைவரைத் தேர்ந்தெடுத்தது. ஸ்பெயின் நாட்டின் அன்டோனியோ சமராஞ்ச் என்பவர் அவர். 1977-லிருந்து அவர் மாஸ்கோவில் ஸ்பெயின் தூதராக இருந்தவர். ருஷ்ய நிர்வாகிகளை நன்றாக அறிந்தவர். அடுத்த 21 ஆண்டுகள் ஒலிம்பிக் உலகம் அவர் கையில் இருந்தது. கமிட்டியில் ஸ்மிர்னோவின் நாற்காலியும் உறுதியாக இருந்தது.

ஆனால் பழைய கணக்கு தீரவில்லை. 1984 மே 8-ந் தேதி, லாஸ் ஏஞ்சலிஸ் பந்தயத்துக்குத் தங்கள் வீரர்கள் போக மாட்டார்கள் என்று சோவியத் யூனியன் அறிவித்தது. வீரர்களின் பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை என்பது சொன்ன காரணம். மாஸ்கோவுக்குப் பதிலடி என்பது எல்லோருக்கும் தெரிந்த காரணம். சமராஞ்ச் மாஸ்கோவுக்கே பறந்து வந்து மன்றாடியும் பயன் இல்லை.

ஸ்மிர்னோவ் அப்பொழுது ருஷ்யக் குடியரசின் விளையாட்டுக் கமிட்டித் தலைவர். 1981 முதல் 1990 வரை அந்தப் பதவி. ஒலிம்பிக் கமிட்டியின் பிரதிநிதி என்ற முறையில் வீரர்களை அனுப்பச் சொல்லவேண்டியவர் அவர். சோவியத் அதிகாரி என்ற முறையில் முடிவுக்குக் கட்டுப்பட வேண்டியவரும் அவர். முடிவு கிரெம்ளினில் எடுக்கப்பட்டது. தோணிகள் பிரிந்தபோது எந்தத் தோணியில் கால் ஊன்றி நின்றார் என்பது சொல்லாமலே விளங்கும்.

நஷ்டம் யாருக்கு? நான்கு ஆண்டுகள் வியர்வை சிந்திப் பயிற்சி பெற்ற வீரர்களுக்கு. 1980-ல் அமெரிக்க வீரர்கள் இழந்ததை 1984-ல் சோவியத் வீரர்கள் இழந்தார்கள். விளையாட்டு வீரனின் ஆயுள் குறுகியது. ஒரு பந்தயம் தவறினால் பலருக்கு அடுத்தது கிடையாது. நிர்வாகிக்கு அந்தத் தொல்லை இல்லை. நாற்காலிக்கு மூப்பு இல்லை!

நாடு இல்லாத குழு

ஸ்மிர்னோவின் வாழ்க்கையில் மிகச் சிறந்த நாட்கள் எவை என்று கேட்டால், மாஸ்கோ பந்தய நாட்களைச் சொல்வார் பலர். ஆனால் உண்மையான சோதனையும் உண்மையான சாதனையும் பின்னால் வந்தன.

1990-ல் அவர் சோவியத் தேசிய ஒலிம்பிக் கமிட்டியின் தலைவர் ஆனார். மறு ஆண்டு டிசம்பரில் சோவியத் யூனியன் என்ற நாடே இல்லாமல் போயிற்று. பிரான்சில் ஆல்பர்ட்வில் நகரில் குளிர்காலப் பந்தயம் தொடங்கச் சுமார் ஆறு வாரங்களே இருந்தன. பயிற்சி முடித்த வீரர்கள் தயாராக இருக்கிறார்கள்; அவர்களுக்கு நாடு இல்லை, கொடி இல்லை, கீதம் இல்லை. படியளந்த கஜானாவும் மறைந்துவிட்டது. புதிதாகப் பிறந்த குடியரசுகளின் ஒலிம்பிக் கமிட்டிகளுக்கோ இன்னும் முழு அங்கீகாரம் கிடைக்கவில்லை.

வீட்டுத் தலைவர் இறந்துபோய்ச் சொத்துப் பிரிவினை நடக்கும் நேரத்தில், பிள்ளைகளின் பரீட்சை வந்தது போன்ற நிலைமை. சகோதரர்களுக்குள் வழக்கு. ஆனால் பிள்ளைகள் பரீட்சை எழுதியாக வேண்டும்!

இருபது ஆண்டுகளாக லோஸானில் சேர்த்துவைத்த நட்பு அப்பொழுது கைகொடுத்தது. 1992 ஜனவரியில் ஓர் ஏற்பாடு பிறந்தது. பழைய சோவியத் குடியரசுகளின் வீரர்கள் ஒன்றுசேர்ந்து 'ஐக்கியக் குழு' என்ற பெயரில் போட்டியிடுவார்கள். கொடி: ஒலிம்பிக் கொடி. கீதம்: ஒலிம்பிக் கீதம். பிரிந்துபோன பால்டிக் நாடுகள் மூன்றும் தனித்தனியே வரும்.

ஆல்பர்ட்வில்லில் இந்த அநாதைக் குழு 9 தங்கங்கள் பெற்று, ஜெர்மனிக்கு அடுத்த இரண்டாம் இடத்தைப் பிடித்தது. அதே ஆண்டு கோடையில் பார்ஸலோனாவில் 12 குடியரசுகளின் வீரர்கள் சேர்ந்து 45 தங்கங்கள் வென்று பட்டியலில் முதல் இடத்தையே பிடித்துவிட்டார்கள். செத்துப்போன நாட்டின் குழு, உயிரோடு இருந்த அத்தனை நாடுகளையும் வென்றது!

பார்ஸலோனாவில் ஒரு புதுமையும் இருந்தது. தனி நபர் வென்றால் அவரவர் குடியரசின் கொடி ஏறும். குழு வென்றால் ஒலிம்பிக் கொடி ஏறும். பெலாரஸ் நாட்டின் ஜிம்னாஸ்டிக் வீரர் விட்டாலி ஷெர்போ ஆறு தங்கங்கள் வென்றார். குழுப் போட்டியில் அவருக்கு ஏறியது ஐந்து வளையக் கொடி. தனிப் போட்டிகளில் ஏறியது பெலாரஸ் கொடி. ஒரே வீரர், ஒரே பந்தயம், இரண்டு கொடிகள்! வெள்ளைக் கொடி இரண்டாம் முறை ஏறியபோது, அது நூற்றுக்கணக்கான இளைஞர்களின் உழைப்பு வீணாகாமல் காத்த குடையாக விளங்கிற்று. அந்தக் குடையைப் பிடித்தவர்களில் முக்கியமானவர் ஸ்மிர்னோவ். இரு தோணியிலும் கால் வைத்திருந்த மனிதரால்தான் அது முடிந்தது.

புகழும் எச்சரிக்கையும்

1992-ல் ருஷ்ய ஒலிம்பிக் கமிட்டிக்குத் தலைவர் ஆனார். 2001 வரை அந்தப் பதவியில் இருந்தார். சம்பளம் கொடுக்கவும் சர்க்காரிடம் பணம் இல்லாத நாட்கள் அவை. பயிற்சியாளர்கள் வெளிநாடுகளுக்கு ஓடினார்கள். அப்படியும் 1994-ல் நார்வேயின் லில்லஹாமரில், தனி நாடாக வந்த முதல் குளிர்காலப் பந்தயத்திலேயே ருஷ்யா 11 தங்கங்கள் பெற்று முதல் இடம் பிடித்தது. ருஷ்யக் கொடி ஏறிற்று.

தொண்ணூறுகளின் இறுதியில் சர்வதேச கமிட்டியையே ஒரு புயல் தாக்கியது. 2002-ம் ஆண்டுக் குளிர்காலப் பந்தயத்தைப் பெறுவதற்காக அமெரிக்காவின் ஸால்ட் லேக் சிட்டி நகரத்தார், கமிட்டி உறுப்பினர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் பரிசுகளும் சலுகைகளும் வாரி வழங்கியது அம்பலமாயிற்று. விசாரணை நடந்தது. 1999 மார்ச்சில் ஆறு உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டார்கள். வேறு சிலருக்கு எச்சரிக்கை. எச்சரிக்கை பெற்றவர்களின் பட்டியலில் ஸ்மிர்னோவின் பெயரும் இருந்தது. பதவி தப்பியது, வெள்ளைச் சட்டையில் மை பட்டது.

அந்தப் புயலுக்குப் பிறகு கமிட்டி தன் விதிகளைத் திருத்தியது. போட்டியிடும் நகரங்களுக்கு உறுப்பினர்கள் விருந்தாளிகளாகப் போய்வரும் வழக்கம் நின்றது. புதிய உறுப்பினர்களுக்கு 70 வயதில் ஓய்வு என்று விதித்தார்கள். 1971-ல் வந்த ஸ்மிர்னோவுக்கோ பழைய விதிப்படி 80 வயது வரை இருக்க உரிமை உண்டு. 2001-ல் கமிட்டியின் கூட்டம் மாஸ்கோவில் நடந்தது. பீஜிங்குக்கு 2008-ம் ஆண்டுப் பந்தயம் அளிக்கப்பட்டதும், சமராஞ்ச் இறங்கி பெல்ஜியத்தின் ஜாக் ரோக் தலைவரானதும் அந்தக் கூட்டத்தில்தான். 21 ஆண்டுகளுக்கு முன் சமராஞ்ச் பதவி ஏறிய அதே நகரில் அவர் பதவி இறங்கினார். ஸ்மிர்னோவ் இரண்டையும் பார்த்தார்.

2007-ல் ருஷ்யாவின் சோச்சி நகரம் 51-47 என்ற வாக்கில் 2014-ம் ஆண்டுக் குளிர்காலப் பந்தயத்தை வென்றது. 1980-ல் கெட்டுப்போன கல்யாணத்தை இந்த முறை குறைவில்லாமல் நடத்திவிட வேண்டும் என்று ருஷ்யா முனைந்தது. பந்தயமும் கோலாகலமாக நடந்தேறியது. பதக்கப் பட்டியலிலும் ருஷ்யா முதல் இடத்தில் நின்றது. 2015 முடிவில் ஸ்மிர்னோவ் கமிட்டியின் மிகப் பழைய உறுப்பினர் என்ற பெருமையோடு ஓய்வு பெற்றுக் கௌரவ உறுப்பினர் ஆனார். கதை அங்கேயே முடிந்திருந்தால் சுபம் போட்டிருக்கலாம்.

81 வயதில் வந்த அழைப்பு

2016 மே மாதம், மாஸ்கோ சோதனைச்சாலையின் முன்னாள் தலைவர் கிரிகோரி ராட்செங்கோவ் அமெரிக்காவில் இருந்துகொண்டு ஒரு திடுக்கிடும் செய்தியை வெளியிட்டார். சோச்சி பந்தயத்தின்போது இரவு நேரங்களில், சோதனைச்சாலைச் சுவரில் போட்டிருந்த ஒரு துவாரத்தின் வழியாக ருஷ்ய வீரர்களின் சிறுநீர்ப் புட்டிகள் வெளியே போயின. ஊக்க மருந்து கலந்தது கொட்டப்பட்டுச் சுத்தமானது நிரப்பப்பட்டு அவை திரும்பி வந்தன என்றார். ஜூலை 18-ந் தேதி கனடாவின் சட்ட அறிஞர் மக்லாரன் தமது அறிக்கையில், விளையாட்டு மந்திரி சபை அலுவலகமே இந்த மோசடியை நடத்திவைத்தது என்று எழுதினார். உலகம் அதிர்ந்தது.

நான்கே நாட்கள் கழித்து, ஊக்க மருந்து ஒழிப்புக்காக ஒரு சுதந்திரப் பொதுக் கமிஷன் அமைக்கும்படியும், அதற்கு ஸ்மிர்னோவ் தலைமை வகிக்க வேண்டும் என்றும் ஜனாதிபதி புட்டின் கூறினார். அப்பொழுது அவருக்கு வயது 81.

ஏன் அவர்? மோசடி நடந்ததாகச் சொல்லப்பட்ட ஆண்டுகளில் ருஷ்ய விளையாட்டு நிர்வாகம் அவர் கையில் இல்லை. லோஸானில் அவருக்கு மரியாதை உண்டு. வெளியாரிடம் ருஷ்யாவுக்காகப் பேச அவரைவிடப் பழகியவர் இல்லை. ஆனால் அதே காரணங்களே அவருக்கு எதிராகவும் பேசின. அரை நூற்றாண்டு அந்த வீட்டிலேயே வாழ்ந்த பெரியவர், அந்த வீட்டைச் சோதனை போடச் சுதந்திரமானவர்தானா என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் கேட்டன.

அந்த ஆண்டு டிசம்பரில் நியூயார்க் பத்திரிகை ஒன்றின் பேட்டியில், ருஷ்யா பல தவறுகள் செய்துவிட்டது என்று ஸ்மிர்னோவ் ஒப்புக்கொண்டார். யார் செய்தார்கள் என்ற கேள்விக்குள் அவர் போகவில்லை. கமிஷன் ஒரு தேசியத் திட்டம் தயாரித்தது. நாட்டின் சோதனை முறை தோற்றுவிட்டது என்று 2017 மார்ச்சில் புட்டினே சொன்னார். ஆனால் சர்க்காரே நடத்திய திட்டம் என்பதை மறுத்தார். தவறு உண்டு, தவறு செய்த சர்க்கார் இல்லை! இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில்தான் முதியவர் பாலம் கட்டவேண்டியிருந்தது.

பாலம் நிற்கவில்லை. 2017 டிசம்பர் 5-ந் தேதி சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி ருஷ்ய ஒலிம்பிக் கமிட்டியைத் தற்காலிகமாக நீக்கியது. தனிப்பட்ட வீரர்களுக்கு விதித்த பல தண்டனைகளை, ஆதாரம் போதாது என்று விளையாட்டு நடுவர் மன்றம் பின்னர் ரத்துச் செய்தது. ஆனால் நாட்டின் மேல் விழுந்த பழி நீங்கவில்லை. 2018 பிப்ரவரியில் தென் கொரியாவின் பியாங்சாங்கில், சோதனையில் தேறிய ருஷ்ய வீரர்கள் மட்டும் ஒலிம்பிக் கொடியின் கீழ் போட்டியிட அனுமதிக்கப்பட்டார்கள்.

ஐஸ் ஹாக்கியில் அவர்கள் தங்கம் வென்றார்கள். கம்பத்தில் ஏறியது வெள்ளைக் கொடி; ஒலித்தது ஒலிம்பிக் கீதம். வீரர்களோ அதற்கு மேலாகத் தங்கள் நாட்டுக் கீதத்தை உரக்கப் பாடினார்கள். 1992-ல் குடையாக வந்த அதே கொடி, 26 ஆண்டுகள் கழித்துத் தண்டனையாக வந்து நின்றது.

கொடியும் வீரனும்

பிறகும் கதை தொடர்ந்தது. மாஸ்கோ சோதனைச்சாலையின் பதிவுகள் திருத்தப்பட்டதாகக் கண்டுபிடிக்கப்பட்டு மறுபடியும் தடை வந்தது. 2021-ல் நடந்த டோக்கியோ பந்தயத்தில் ருஷ்ய வீரர்கள் வென்றபோது, நாட்டுக் கீதத்துக்குப் பதிலாகச் சைகோவ்ஸ்கியின் பியானோ இசை ஒலித்தது.

ஸ்மிர்னோவின் வரலாற்றை நல்லவர், கெட்டவர் என்ற ஒரு சொல்லில் அடக்க முடியாது. மாஸ்கோவுக்கு ஒலிம்பிக்கைக் கொண்டுவந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. நாடு உடைந்த நாளில் வீரர்களைக் கரையேற்றியதில் பெரும் பங்கு உண்டு. எச்சரிக்கை வாங்கிய களங்கமும் உண்டு. சர்க்கார் ஆப்கானிஸ்தானுக்குப் போனபோதும், லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போகாதபோதும் மௌனமாக இருந்த பொறுப்பும் உண்டு.

அவர் திறமையால் பலமுறை தோணிகளைச் சேர்த்துப் பிடிக்க முடிந்தது. ஆனால் ஒன்றை அவரால் செய்ய முடியவில்லை. வீரனின் பதக்கத்தைச் சர்க்கார் தன் பதக்கமாக நினைக்கும் இடத்தில், அந்தப் பதக்கத்துக்காகச் சர்க்கார் எதையும் செய்யத் துணியும். அந்த நினைப்பு ஹெல்சிங்கியில் முளைத்தது, மாஸ்கோவில் வளர்ந்தது, சோச்சியில் பழுத்தது. அந்த மரத்தின் நிழலிலேயே வாழ்ந்தவர், 81 வயதில் அதை வெட்டுவதற்குக் கோடரியோடு அழைக்கப்பட்டார்.

பியாங்சாங் மேடையில் நின்ற அந்த ஹாக்கி வீரர்களுள் பலர் 1992-ம் ஆண்டு பிறக்கக்கூட இல்லை. பிறந்தவர்களுள் பலர் சிறு பிள்ளைகளாக இருந்திருப்பார்கள். 1980 எப்படி இருந்தது என்பது அவர்களுக்குக் கதை. நிர்வாகிகள் போட்ட கணக்குக்கு வட்டி கட்டியவர்கள் அவர்கள்தான். ஒலிம்பிக் மைதானத்தில் எந்தக் கொடி ஏறவேண்டும் என்பதைப் பெரிய மனிதர்கள் மேஜையில் உட்கார்ந்து தீர்மானிக்கிறார்கள். அது ஏறும்போது அண்ணாந்து பார்த்துக் கலங்குபவன் விளையாட்டு வீரன் ஒருவனே.